டாப் லீகுக்குப் போனாங்க... ஹோம் கிரவுண்டில் ஒரு மேட்ச்கூட ஆடலை! - டொரான்டோ வுல்ஃப்பேக் விழுந்த கதை

மூன்று வருடம் போராடி, அடிமட்ட டிவிஷனில் இருந்து நாட்டின் உச்ச லீகுக்கு ஏறிய ஓர் அணி, அந்த லீகில் சொந்த மைதானத்தில் ஒரே ஒரு மேட்ச்கூட ஆடாமல் காணாமல் போகுமா? போயிருக்கிறது. அந்த அணியின் பெயர் டொரான்டோ வுல்ஃப்பேக். ஊர் கனடாவில், லீக் இங்கிலாந்தில். நடுவில் முழுசாக ஓர் அட்லான்டிக் பெருங்கடல்!

ஐ.பி.எல்-ல் ஒரே சீசன் ஆடிவிட்டு மறைந்த கொச்சி டஸ்கர்ஸ் ஞாபகம் இருக்கிறதா? அதுபோன்ற கதைதான். ஆனால், இதில் கடலும் உண்டு, கோடிகளும் உண்டு, சம்பளம் வராமல் தவித்த வீரர்களும் உண்டு.

முதலில், ரக்பி லீக்னா என்ன?

ரக்பியில் இரண்டு வகை. உலகக்கோப்பையில் 'ஆல் பிளாக்ஸ்' ஆடுவது ரக்பி யூனியன். ஓர் அணிக்கு 15 பேர். ரக்பி லீக்கில் 13 பேர்தான். கபடி பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதைப் புரிந்துகொள்வது ரொம்ப ஈஸி. பந்தோடு ஓடி வருபவரை எதிரணி மடக்கிப் பிடிக்கும். அதற்கு 'டேக்கிள்' என்று பெயர். ஓர் அணிக்கு ஆறு டேக்கிள் வரைதான் அவகாசம். அதற்குள் எல்லைக்கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைத்தால், அது 'ட்ரை'. நாலு பாயின்ட். ஆறாவது முறையும் மாட்டிக்கொண்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும்.

இந்த ஆட்டம் பிறந்த காரணமே சம்பளம்தான். 1895-ல் வடக்கு இங்கிலாந்தின் ரக்பி அணிகளில் ஆடியவர்களில் பலர் சுரங்கத் தொழிலாளர்கள், மில் தொழிலாளர்கள். சனிக்கிழமையும் வேலைநாள். ஆடப் போனால் அன்றைய கூலி போச்சு. 'இழந்த கூலியையாவது ஈடுகட்டுங்கள்' என்று வடக்குக் கிளப்கள் கேட்டன. லண்டன் மேலிடம் மறுத்தது. அந்த ஆண்டு ஆகஸ்ட் 29-ம் தேதி, ஹடர்ஸ்ஃபீல்டு நகரின் ஜார்ஜ் ஹோட்டலில் கூடி, 20-க்கும் மேற்பட்ட கிளப்கள் தனியாகப் பிரிந்தன. அதுவே பின்னாளில் ரக்பி லீக் ஆனது.

ஆடினால் கூலி வேண்டும் என்பதற்காகவே பிறந்த ஆட்டம் இது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கதையின் கடைசியில் தேவைப்படும்.

கனடாவில் எப்படி முளைத்தது?

டொரான்டோ என்றதும் நமக்கு ஸ்கார்பரோவும் அங்கே இருக்கும் நம்ம ஆட்களும்தான் நினைவுக்கு வருவார்கள். கனடாக்காரர்களைக் கேட்டால் ஐஸ் ஹாக்கி என்பார்கள். அடுத்து பாஸ்கெட்பால், பேஸ்பால். ரக்பி லீக் என்றால் 'அப்படின்னா?' என்று கேட்கக்கூடிய ஊர் அது.

அந்த ஊரில்தான் எரிக் பெரெஸ் என்பவர் ஒரு புரொஃபஷனல் ரக்பி லீக் அணியைத் தொடங்கக் கிளம்பினார். பணம் போட்டவர் டேவிட் ஆர்கைல். ஆஸ்திரேலியாவில் பிறந்து, சுரங்கத் தொழிலில் சம்பாதித்தவர். 2016-ல் அனுமதி கிடைத்தது. இங்கிலாந்து லீக் அமைப்பின் மூன்றாவது படியான 'லீக் 1'-ல் 2017 முதல் ஆடலாம். அட்லான்டிக்கைத் தாண்டி வாராவாரம் லீக் ஆடப்போகும் உலகின் முதல் புரொஃபஷனல் அணி என்ற அடைமொழியும் கூடவே வந்தது.

வீரர்களைத் தேட கனடா, அமெரிக்கா, ஜமைக்காவில் ஓப்பன் ட்ரயல்ஸ் நடத்தினார்கள். கேட்க செம ஐடியா. ஆனால், களத்தில் இறங்கிய அணியில் பெரும்பாலானவர்கள் இங்கிலாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்துக்காரர்களே. உள்ளூர்ப் பையன்கள் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான். இந்தக் குறை கடைசி வரை தீரவில்லை.

அனுமதியோடு வந்த நிபந்தனைகள்

லீக்கில் சேர்த்துக்கொண்டவர்கள் சும்மா சேர்க்கவில்லை. மற்ற கிளப்களுக்குக் கிடைக்கும் மத்திய நிதி, அதாவது டிவி ஒளிபரப்பு வருமானத்தில் வரும் பங்கு, டொரான்டோவுக்குக் கிடையாது. அதோடு, டொரான்டோவுக்கு ஆட வரும் எதிரணியின் விமானச் செலவையும் தங்கும் செலவையும் டொரான்டோவே ஏற்க வேண்டும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். மான்செஸ்டரில் இருந்து டொரான்டோ சுமார் 5,500 கி.மீ. விமானத்தில் ஏழு, எட்டு மணி நேரம். நேர வித்தியாசம் ஐந்து மணி நேரம். நம் அணி போய்வர ஒரு செலவு, எதிரணியைக் கூட்டிவந்து தங்கவைக்க இன்னொரு செலவு. ஏர் டிரான்சாட் என்ற கனடா விமான நிறுவனம் ஸ்பான்சராக வந்தது பெரிய உதவி. ஆனாலும், வருமானத்துக்கு டிக்கெட், ஸ்பான்சர், உரிமையாளரின் பாக்கெட் இந்த மூன்றுதான்.

இதற்கு மேல் பனி வேறு. இங்கிலாந்து சீசன் பிப்ரவரியில் ஆரம்பிக்கும். அப்போது டொரான்டோ மைதானம் உறைந்து கிடக்கும். அதனால் முதல் சில மாதங்கள் முழுக்க வெளியூர் ஆட்டங்கள். அணி மான்செஸ்டர் பக்கம் முகாம் போட்டுத் தங்கும். வெயில் வந்ததும் மொத்தமாகக் கனடாவுக்குப் பறந்து, வரிசையாக ஹோம் மேட்ச்கள். ஓர் அணிக்கு இரண்டு வீடு, இரண்டு வாடகை!

ஆனாலும் கூட்டம் வந்தது!

2017 பிப்ரவரியில் முதல் போட்டி. சேலஞ்ச் கப்பில் ஹாலிஃபாக்ஸ் பகுதியின் அமெச்சூர் அணியான சிடாலை 14-6 என்று வென்றார்கள். பகலில் வேலைக்குப் போய், மாலையில் பிராக்டீஸ் செய்யும் ஆட்களை புரொஃபஷனல்கள் தட்டுத்தடுமாறித்தான் ஜெயித்தார்கள்.

மே மாதம் முதல் ஹோம் மேட்ச். இடம், நகரின் மேற்கே லிபர்ட்டி வில்லேஜ் பகுதியில் இருக்கும் லாம்போர்ட் ஸ்டேடியம். சுமார் 9,600 பேர் அமரலாம். ஆக்ஸ்ஃபோர்டு அணியை 62-12 என்று நொறுக்கினார்கள். பார்க்க வந்தவர்கள் 6,000-க்கும் மேல். இங்கிலாந்தில் இதே டிவிஷன் ஆட்டங்கள் பலவற்றுக்கு சில நூறு பேர் வந்தாலே பெரிய விஷயம்!

வந்தவர்களில் பாதிப் பேருக்கு விதிகளே தெரிந்திருக்காது. மைதானத்துக்குள்ளேயே பீர் கார்டன், பாட்டு, வெயில், நண்பர்கள் என்று சனிக்கிழமை மதியத்தைக் கழிக்க ஓர் இடம் கிடைத்தது. அப்படி வந்தவர்கள் மெல்ல மெல்ல ஆட்டத்தைக் கற்றுக்கொண்டார்கள். அந்த வருடமே லீக் 1 சாம்பியன். அடுத்த படியான சாம்பியன்ஷிப்புக்கு புரமோஷன்.

ட்ரையே விழாத அந்த 80 நிமிடங்கள்

2018-ல் சாம்பியன்ஷிப் பட்டியலிலும் முதலிடம். ஆனால் அன்றைய விதிப்படி, முதலிடம் வந்தால் மட்டும் மேலே போய்விட முடியாது. சூப்பர் லீக்கின் கடைசி அணிகளோடும் மோத வேண்டும். அதில் நேரடி இடம் தவறியதால், 'மில்லியன் பவுண்டு கேம்' என்று அழைக்கப்பட்ட வாழ்வா சாவா ஆட்டம். ஜெயித்தால் சூப்பர் லீக், தோற்றால் அதே இடத்தில் இன்னொரு வருடம்.

அக்டோபர் 7, லாம்போர்ட் ஸ்டேடியம். எதிரணி லண்டன் பிரான்கோஸ். 80 நிமிடங்களில் இரண்டு அணியும் ஒரு ட்ரைகூட அடிக்கவில்லை. வெறும் பெனால்டி உதைகள். லண்டன் 4, டொரான்டோ 2. இரண்டே பாயின்ட்டில் ஒரு வருடம் போனது.

பயிற்சியாளர் பால் ரௌலி விலகினார். லீட்ஸ் ரைனோஸ் அணிக்கு நான்கு முறை சூப்பர் லீக் பட்டம் வாங்கித்தந்த பிரையன் மெக்டெர்மட் வந்தார். 2019 சீசனில் 27 லீக் ஆட்டங்களில் 26 வெற்றி. அக்டோபர் 5-ம் தேதி, அதே லாம்போர்ட் மைதானத்தில், 9,000-க்கும் மேற்பட்டோர் முன்னால், ஃபெதர்ஸ்டோன் ரோவர்ஸை 24-6 என்று வீழ்த்தி சூப்பர் லீக்குக்குள் நுழைந்தார்கள்.

வெளியே பார்த்தால் சினிமா கிளைமாக்ஸ். உள்ளே நிலைமை வேறு. சம்பளம் தாமதமாக வருகிறது என்ற செய்திகள் 2019-லேயே கசியத் தொடங்கியிருந்தன.

45 கோடி ரூபாய் ஹீரோ

2019 நவம்பரில் ஒரு பெரிய வெடி. நியூசிலாந்தின் சோனி பில் வில்லியம்ஸை டொரான்டோ தூக்கியது. 2011, 2015 ரக்பி யூனியன் உலகக்கோப்பைகளை வென்றவர். ரக்பி லீக், பாக்ஸிங் இரண்டிலும் கலக்கியவர். இரண்டு வருடத்துக்கு சுமார் 50 லட்சம் பவுண்டு என்று செய்திகள் வந்தன. நம் பணத்தில் கிட்டத்தட்ட 45 கோடி ரூபாய்!

சூப்பர் லீக்கில் சம்பள உச்சவரம்பு உண்டே, எப்படி முடிந்தது? ஒரு கிளப் ஓர் ஆண்டில் மொத்த அணிக்கும் சுமார் 21 லட்சம் பவுண்டுதான் செலவிட முடியும். ஆனால் 'மார்க்கீ' வீரர் என்று ஒரு விதிவிலக்கு இருக்கிறது. ஒரு நட்சத்திரத்துக்கு எவ்வளவு கொட்டினாலும், அதில் சிறு பகுதி மட்டுமே உச்சவரம்புக் கணக்கில் வரும். மீதி உரிமையாளரின் பாடு.

சோனி பில் வந்ததால் உலகம் முழுக்க விளம்பரம் கிடைத்தது. ஆனால் மற்ற இடங்களை நிரப்ப உச்சவரம்பில் பெரிதாக மிச்சமில்லை. மெக்டெர்மட்டின் கையில் இருந்தது சின்ன அணி. உடம்போடு உடம்பு மோதும் ஆட்டத்தில் நாலு பேருக்குக் காயம் என்றாலே மாற்று ஆளைத் தேட வேண்டிய நிலை.

2020 பிப்ரவரி 2, லீட்ஸ் நகரின் ஹெடிங்லி மைதானம். சூப்பர் லீக்கின் முதல் ஆட்டத்தில் காஸில்ஃபோர்டிடம் 28-10 என்று தோல்வி. அடுத்தடுத்து தோல்விகள். ஆறாவது ஆட்டத்தில் லீட்ஸிடம் 66-12. ஆறு ஆட்டம், ஆறு தோல்வி. மார்ச்சில் சேலஞ்ச் கப்பில் ஹடர்ஸ்ஃபீல்டை 18-0 என்று வென்றது மட்டும்தான் ஆறுதல். ஏப்ரலில் டொரான்டோவுக்குத் திரும்பி, சொந்த ரசிகர்கள் முன்னால் நிமிர்ந்துவிடலாம் என்று காத்திருந்தார்கள்.

அதற்குள் கொரோனா வந்துவிட்டது.

கதவு மூடிய கோடை

மார்ச் நடுவில் சூப்பர் லீக் நிறுத்தப்பட்டது. எல்லா கிளப்புக்கும் அடிதான். ஆனால் மற்றவர்களுக்கு டிவி பணத்தின் பங்கு இருந்தது. பிரிட்டிஷ் அரசு அறிவித்த கடனுதவியும் சம்பள உதவியும் இருந்தன. டொரான்டோ தொங்கிக்கொண்டிருந்தது ஒரே மனிதரின் பணத்தில். எல்லைகள் மூடியதால் கனடாவில் ஹோம் மேட்ச் நடக்க வாய்ப்பே இல்லை. டிக்கெட்டும் இல்லை, பீர் கார்டனும் இல்லை.

ஜூனில் சம்பளம் நின்றது. ஜூலை 20-ம் தேதி, லீக் மீண்டும் தொடங்க இரண்டே வாரம் இருந்தபோது, 'இந்த சீசனில் எங்களால் தொடர முடியாது' என்று கிளப் அறிவித்தது. ஆடிய ஆறு ஆட்டங்களின் முடிவுகளும் பட்டியலில் இருந்து நீக்கப்பட்டன. தோற்றதற்குக்கூடக் கணக்கு இல்லாமல் போனது!

சோனி பில் ஆஸ்திரேலியாவுக்குப் பறந்து, தன் பழைய அணியான சிட்னி ரூஸ்டர்ஸில் சேர்ந்துவிட்டார். எல்லோராலும் அது முடியுமா? மற்ற கிளப்களும் செலவைச் சுருக்கிக்கொண்டிருந்த நேரம். வாய்ப்பு கிடைத்தவர்கள் கிடைத்த இடத்தில் கிடைத்த சம்பளத்துக்குப் போனார்கள். வெளிநாட்டு வீரர்களுக்கு இன்னொரு சிக்கல். வேலை விசா என்பது வேலை கொடுத்த கிளப்போடு கட்டப்பட்டது. கிளப் இல்லையென்றால், நாட்டில் தங்கும் உரிமையே கேள்விக்குறி. குடும்பத்தோடு வேறு நாட்டில், ஊரடங்கில், வருமானம் இல்லாமல் நிற்பது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

நவம்பர் 2: 'நீங்க வேண்டாம்'

ஆர்கைல் ஒதுங்கிக்கொள்ள, கார்லோ லிவோல்சி என்ற கனடா தொழிலதிபர் கிளப்பை எடுத்து நடத்த முன்வந்தார். சூப்பர் லீக்கில் மீண்டும் இடம் கொடுத்தால், வீரர்களின் சம்பள பாக்கியையும் கொடுத்துவிடுவதாகச் சொன்னார். அதாவது வீரர்களின் பாக்கிப் பணம், மற்ற கிளப்கள் போடும் ஓட்டைப் பொறுத்தது என்றானது.

2020 நவம்பர் 2-ம் தேதி வாக்கெடுப்பு. பெரும்பான்மை 'வேண்டாம்' என்றது. 2021-ல் அந்த இடம் மான்செஸ்டருக்கு அருகில் இருக்கும் லீ நகர அணிக்குப் போனது.

மற்ற கிளப்கள் வில்லன்களா? அவர்கள் பக்கமும் ஒரு கணக்கு உண்டு. சூப்பர் லீக்கின் பெரும் வருமானம் பிரிட்டனில் சந்தா கட்டிப் பார்க்கும் டிவி ரசிகர்களிடம் இருந்து வருகிறது. கனடா டிவியில் இருந்து பெரிய தொகை எதுவும் வந்து சேரவில்லை. அடுத்தது வெளியூர் ரசிகர்கள். பக்கத்து ஊர் அணி ஆட வந்தால், அதன் ரசிகர்கள் ஆயிரக்கணக்கில் டிக்கெட் வாங்கி வருவார்கள். டொரான்டோ ஆட வந்தால், கடல் தாண்டி எத்தனை பேர் வருவார்கள்? எங்களுக்கு என்ன லாபம் என்று சின்ன ஊர் கிளப்கள் கேட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை.

ஆனால், இதே கேள்வியை 2016-லேயே கேட்டிருக்கலாமே? பணக்கார உரிமையாளர், புதிய சந்தை என்ற கவர்ச்சியில் கதவைத் திறந்தவர்கள், அவர் பணம் நின்றால் வீரர்களுக்கு யார் பொறுப்பு என்பதற்கு எந்த உத்தரவாதத்தையும் வலுவாகக் கட்டி வைக்கவில்லை. அந்த ஓட்டை வழியாகத்தான் எல்லாம் ஒழுகிப் போனது.

இது முதல் முறையா? இல்லவே இல்லை!

ரக்பி லீக்குக்குப் புது ஊர் மோகம் பழைய வியாதி.

* பாரிஸ் செயின்ட் ஜெர்மெய்ன்: ஆமாம், கால்பந்து பி.எஸ்.ஜி-யின் அதே பெயர்தான்! சூப்பர் லீக்கின் முதல் ஆட்டமே 1996 மார்ச் 29-ல் பாரிஸில்தான் நடந்தது. 17,000-க்கும் மேற்பட்டோர் முன்னால் ஷெஃபீல்டை 30-24 என்று வென்றார்கள். அடுத்த வருடம் ஆஸ்திரேலிய வீரர்களின் விசா குறித்து சர்ச்சை. 1997 சீசனோடு மூட்டை கட்டியாயிற்று.

* கெல்டிக் க்ரூசேடர்ஸ்: வேல்ஸ் நாட்டு அணி. 2009-ல் சூப்பர் லீக்குக்கு வந்த முதல் சீசனிலேயே விசா விதிமீறலுக்காக ஆறு ஆஸ்திரேலியர்கள் வெளியேற வேண்டியிருந்தது. பிரிட்ஜெண்டில் இருந்து ரெக்ஸமுக்கு ஊர் மாறிப் பார்த்தார்கள். 2011-ல் லைசென்ஸ் விண்ணப்பத்தைத் தாங்களே திரும்பப் பெற்றுக்கொண்டார்கள்.

* ஆட்டவா ஏசஸ்: எரிக் பெரெஸின் அடுத்த கனடா முயற்சி. ஒரு மேட்ச்கூட ஆடவில்லை. அந்த லைசென்ஸ் கடைசியில் இங்கிலாந்தின் கார்ன்வாலுக்குப் போனது.

* காட்டலான்ஸ் டிராகன்ஸ்: தப்பிப் பிழைத்த ஒரே ஆச்சர்யம். தெற்கு பிரான்ஸின் பெர்பின்யா நகர அணி. 2006-ல் சேர்ந்தது, 2018-ல் வெம்ப்ளியில் வாரிங்டனை 20-14 என்று வென்று சேலஞ்ச் கப்பைத் தூக்கியது. இங்கிலாந்துக்கு வெளியே கோப்பை போனது அதுதான் முதல் முறை.

டிராகன்ஸுக்கு மட்டும் எப்படிச் சாத்தியமானது? அந்தப் பகுதியில் ரக்பி லீக் பல தலைமுறைகளாக ஆடப்படுகிறது. ஊர்ப் பையன்கள் அணிக்கு வருகிறார்கள். கால் ஊன்றும் வரை, முதல் மூன்று சீசன்கள் கடைசி இடத்துக்குப் போனாலும் கீழே இறக்கமாட்டோம் என்ற பாதுகாப்பும் கொடுக்கப்பட்டது. டொரான்டோவில் ரசிகர்கள் இருந்தார்கள். ஆனால், ஆடி வளர உள்ளூர்ப் பையன்களுக்கு வலுவான லீக்கும் இல்லை, விழுந்தால் தாங்க வலையும் இல்லை.

பிறகு என்ன மாறியது?

2025 சீசனில் இருந்து, சூப்பர் லீக்கில் இடம் என்பது களத்தில் ஜெயிப்பதால் மட்டும் கிடைப்பதில்லை. ஒவ்வொரு கிளப்புக்கும் மதிப்பெண் போடுகிறார்கள். ரசிகர் பலம், ஆட்டத்திறன், நிதி நிலைமை, ஸ்டேடியம், சுற்றுவட்டார மக்கள் தொடர்பு எல்லாம் அதில் சேரும். யார் பணம் போடுகிறார் என்பதோடு, அந்தப் பணம் எங்கிருந்தெல்லாம் வருகிறது என்றும் இப்போது பார்க்கிறார்கள். ஒரே பாக்கெட்டை நம்பி ஓடும் கிளப்புக்கு இந்தப் பரீட்சை கஷ்டம்தான்.

வுல்ஃப்பேக் - ஒரு பார்வையில்

* 2016: அனுமதி, ஓப்பன் ட்ரயல்ஸ்
* 2017: லீக் 1 சாம்பியன்
* 2018: மில்லியன் பவுண்டு கேமில் லண்டனிடம் 4-2 தோல்வி
* 2019: ஃபெதர்ஸ்டோனை 24-6 என்று வென்று சூப்பர் லீக் நுழைவு, சோனி பில் ஒப்பந்தம்
* 2020 பிப்ரவரி - மார்ச்: லீக்கில் ஆறு ஆட்டம், ஆறு தோல்வி
* 2020 ஜூலை 20: விலகல் அறிவிப்பு
* 2020 நவம்பர் 2: மீண்டும் சேர அனுமதி மறுப்பு

ஒரு கிளப் மூடினால் உரிமையாளருக்கு நஷ்டம், லீக்குக்கு அவமானம், ரசிகருக்கு வருத்தம். ஆனால் மாத வாடகை நின்றுபோவது வீரருக்குத்தான். அடுத்த முறை புது ஊர், புது அணி, ரெக்கார்டு ஒப்பந்தம் என்று ஏதாவது லீக் தம்பட்டம் அடித்தால், நட்சத்திர வீரரின் சம்பளத்தைப் பார்த்து வாயைப் பிளப்பதற்கு முன், பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் இருபதாவது வீரரின் சம்பளத்துக்கு யார் கேரண்டி என்று கேளுங்கள். 1895-ல் ஹடர்ஸ்ஃபீல்டு ஹோட்டலில் கூடியவர்கள் கேட்டதும் ஏறக்குறைய அதே கேள்விதான். 125 வருடம் கழித்தும் அதற்கு உறுதியான பதில் சொல்ல ஆளில்லை!